எரியாத வீட்டின் கூரை

நம் வயதுக்காரர்களில் கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தாவது சருகு கருகும் வாசனை வந்தால் போதும், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் தூக்கிப் பார்ப்போம். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கான்கிரீட் கூரைக்குக் கீழே மின்விசிறி போட்டுப் படுத்திருக்கிற இந்த வயதிலும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. உங்களில் சிலருக்கும் போயிருக்காது.

எங்கள் காலனியில் இப்போது பிள்ளைகள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தீ என்றாலும் வெள்ளம் என்றாலும் செல்போனில் ஒரு செய்தி போடுகிறார்கள், கிடைத்த வண்டியில் ஓடுகிறார்கள். பாதிப்பேர் பெண்கள். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் காலத்துல நம்மூர்ல தீயணைக்கிற குழு இருந்துச்சாமே, நாலு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாளி, விசில், மணல் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மைக் முன்னால் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற சாலையில் இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் காலனி வரும். பின்னால் பாறைக் குன்று. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி உருண்டைப் பாறைகள். சித்திரையில் அந்தப் பாறைகள் காய்கிற காய்ச்சலில், சாயங்காலம் பொழுது இறங்கிய பிறகும் தெரு கொதித்துக்கொண்டே இருக்கும். தெரு என்றால் ஒரே வரிசை. கிழக்கு மேற்காக வீடுகள். கரும்புச் சோகையும் மஞ்சம்புல்லும் வேய்ந்த கூரைகள். ஒரு வீட்டின் இறவாணம், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பு, அடுத்த வீட்டின் இறவாணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மழை பெய்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நனையாமல் நடந்து போய்விடலாம். நெருப்பும் அப்படித்தான் நடந்து போகும்.

நான் நாலாவது படித்து முடித்த வருஷத்துக்கு முந்தின கோடையில் மேலக்கோடியில் சில வீடுகள் போயின. செஞ்சியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தபோது புகை மட்டும்தான் மிச்சம். வண்டியோடு வந்தவர் பாவம், நல்ல மனுஷர். "போன் வந்ததுமே கெளம்பிட்டோம்மா. இருந்தாலும் கூரைக்கு அவ்ளோ நேரம் ஏது? நாங்க வர்ற வரைக்கும் நீங்களே எதனா பண்ணிக்கிட்டாதான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைப் பிடித்துக்கொண்டவர் வாட்ச்மேன் மாமா. அம்மாவுக்குத் தம்பி முறை. பட்டணத்தில் ஏதோ எண்ணெய்க் கிடங்கில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு வந்தவர். அங்கே வாரம் ஒரு நாள் தீயணைக்கப் பயிற்சி கொடுப்பார்களாம். காக்கிக் கால்சட்டையும் ஒரு விசிலும் கொண்டுவந்திருந்தார். தெருவில் இருந்த ஆம்பிளைகளைச் சேர்த்து ஒரு குழு கட்டினார். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் அதில் உண்டு. ஆளுக்கொரு தகர டின், மணல் நிரப்பின சாக்கு, தண்ணீரில் நனைத்து அடிக்கக் கோணி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நீள மூங்கிலின் நுனியில் இரும்புக் கொக்கி பூட்டிய கழிகள். நாங்கள் அதை வெறுமனே கொக்கி என்போம்.

கொக்கி எதற்கு என்று மாமா விளக்கியதை வரிசையாக உட்கார்ந்து நாங்களும் கேட்டோம்.

"எரியிற கூரைய விட்டுடணும். அத ஒண்ணும் பண்ண முடியாது. காத்து போற பக்கம், இன்னும் புடிக்காத கூரை இருக்குதுல்ல, அதப் பிரிச்சி இழுத்துப் போட்டுடணும். தாண்டறதுக்கு எடமில்லன்னா நெருப்பு நின்னுடும். புரியுதா?"

எல்லோரும் புரிகிறது என்று தலையாட்டினார்கள். எரியாத வீட்டைப் பிரிக்க வேண்டும் என்பது, சொல்லிக் கேட்கிறபோது எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடக்கும். விசில் ஊதினால் ஓடுவார்கள். பெண்களுக்குப் பானையில் தண்ணீர் எடுத்து வருகிற வேலை மட்டும். எங்கள் அம்மா ஒரு நாள் கொக்கியை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கரும்பு வெட்டுகிற கை அது. கழி ஆடவே இல்லை.

"உனக்கு இன்னாத்துக்குக்கா இது?" என்று மாமா சிரித்தார்.

"பகல்ல தீப்புடிச்சா நீங்க யாரு வூட்ல இருக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

 அதன் பிறகு ஒரு கொக்கி எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டது. பெண்களுக்கும் தனியாக ஒரு பயிற்சி ஆரம்பித்தது. விசில் இல்லாததால் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிப்பார்கள். தட்டு அடிக்கிறவள் எங்கள் அத்தை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவுக்கு அக்கா. எங்களுக்குக் கிழக்கே அடுத்த வீடு. புருஷன் இறந்த பிறகு ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு களை எடுத்து, ஆடு வளர்த்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் நிமிர்ந்து நடந்தவள். நைனாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்ததே அவள்தான். நான் நாலாவது முடித்த அந்த வருஷம் வைகாசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அத்தை தன் வீட்டுக்குப் புதுசாகச் சாணம் மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் காவிப் பட்டை போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரத் தயாராக வைத்திருந்தாள்.

அம்மாவும் அத்தையும் நன்றாகத்தான் இருந்தார்கள். பங்குனியில் அத்தையின் ஆடு வேலியைத் தாண்டி வந்து, அம்மா ஆசையாக வைத்திருந்த முருங்கைக் கன்றை மொட்டையாக்கிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அத்தை இரண்டு வார்த்தை சொன்னாள். இருவரும் பேச்சை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் என் மூலமாகத்தான். "பூண்டு இருக்குதான்னு உங்க அத்தையக் கேளு." "இருக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு நடுவில் என்னை நிற்கவைத்துப் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

சித்திரை அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும், எள் போட்டால் எள் விழாது. மாமாவுக்கு ஒரு யோசனை. நம் குழு சும்மா இருப்பானேன், அங்கே போய் ஜனங்களுக்குத் தண்ணீர் கொடுப்போம், வரிசையை ஒழுங்குபடுத்துவோம் என்றார். ஆம்பிளைகளெல்லாம் குளித்து, நெற்றியில் விபூதி பூசி, மாமா விசிலோடு முன்னால் போக, காலையிலேயே ஸ்பெஷல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நைனா போகும்போது எனக்குப் பொரி வாங்கி வருவதாகச் சொன்னார். அத்தையும் மகளும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்க செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

ஆக, தீயணைக்கிற குழு முழுக்க ஊரில் இல்லாத ஒரு மத்தியானத்தில், மேலக்கோடியில் தீப்பிடித்தது.

எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டினதில் கங்கு இருந்தது என்றார்கள். கரண்ட் கம்பி உரசியது என்றார்கள். நான் தெருவில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் கேட்டது. புதுப்புடவையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மேலக்கோடிக் கூரைக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. புகைகூட அதற்கப்புறம்தான் வந்தது.

தட்டு அடிக்க அத்தை இல்லை. அம்மாதான் கத்தினாள். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வேலையிலிருந்து திரும்பிச் சோறு தின்று கண்ணயர்ந்திருந்த பெண்களெல்லாம் எழுந்து ஓடிவந்தார்கள். பெரிய பையன் ஒருவனைப் போன் செய்யச் சொல்லி சைக்கிளில் விரட்டினார்கள்.

தண்ணீர் எங்கள் பைப்பில் அந்த நேரத்துக்கு வராது. தெருவுக்குத் தெற்கே ஊர்க்காரர் ஒருவரின் பாசனக் கிணறு இருந்தது. அதில் நாங்கள் இறங்கக் கூடாது, சுற்றி முள் போட்டிருப்பார். அன்றைக்குப் பெண்கள் முள்ளைக் காலால் தள்ளிவிட்டு இறங்கினார்கள். கிணற்றுக்காரர் மோட்டார் கொட்டகையில்தான் இருந்தார். கரண்ட் இல்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்படியில் இறங்கி, பானையை ஒவ்வொன்றாக வாங்கி மொண்டு மொண்டு கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் பானையை அவர் கை தொட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் முள் மறுபடியும் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பானைத் தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை. மேலைக்காற்று அடித்தது. கூரைக்குக் கூரை தீ தாவியது. உள்ளே குதிரில் இருந்த கேழ்வரகும் கம்பும் வறுபட்டு, தெரு முழுக்கப் பொரி வாசனை எழுந்தது. அந்த வாசனையில் எனக்குப் பசித்தது. வீடுகள் எரிகிறபோது பசிக்கிறதே என்று அந்த வயதிலேயே வெட்கமாக இருந்தது.

நடுத்தெரு வீடு ஒன்றில் ஒரு பெண் அப்போதுதான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக வேப்பமரத்து நிழல்வரை கொண்டு வந்து விட்டார்கள். குழந்தையை என் கையில் கொடுத்து அவளோடு உட்காரச் சொன்னார்கள். அத்தை வீட்டு வாசலோரம் இருந்த வேப்பமரம் அது. அங்கிருந்து எங்கள் வீடும் அத்தை வீடும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதனால்தான் நடந்ததை நான் முழுசாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த வீட்டில் தீ ஏறியது. எங்கள் இறவாணத்தில் ஒரு கீற்று புகை கிளம்பியது. அம்மா கொக்கியும் கையுமாக எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பெட்டி உள்ளே இருந்தது, ரேடியோ உள்ளே இருந்தது, இடித்து வைத்த அரிசி இருந்தது. இரண்டு மூன்று தடவை போய் வர நேரம் இருந்தது. அம்மா வாசலில் நின்று கூரையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டைத் தாண்டி அத்தை வீட்டுக்கு ஓடினாள்.

"இங்க வாங்கடி எல்லாரும்! இதப் பிரிங்க!"

யாரும் அசையவில்லை. ஒரு பெண், "அது புடிக்கவே இல்லியே! உன் வூட்டுச் சாமானத் தூக்கு மொதல்ல!" என்றாள்.

"என் வூடு போச்சு. இத வுட்டா கெழக்க அவ்ளோவும் போயிடும். இழுங்கடி!"

அம்மா அத்தை வீட்டுக்குள் நுழைந்து கல்யாணத் துணி வைத்திருந்த பெட்டியை முதலில் வெளியே இழுத்துப் போட்டாள். சுருட்டி வைத்திருந்த புதுப்பாயையும், அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களையும் ஒருத்தி வெளியே எறிந்தாள். அம்மா கரும்பு வெட்டுகிற கத்தியை வாயில் கவ்விக்கொண்டு சுவரின்மேல் ஏறி, கூரையைக் கட்டியிருந்த பனநாரை வெட்டினாள். கீழே பெண்கள் கொக்கியை மாட்டி ஏலேலோ இல்லாமல், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, இழுத்தார்கள். அத்தை வீட்டுக் கூரை முதலில் ஒரு பக்கம் சரிந்தது. பிறகு மொத்தமாக முனகிக்கொண்டு இறங்கியது. தூசி எழும்பி எல்லோரையும் மறைத்தது. இறங்கின கூரையைத் தெருவைத் தாண்டி எதிர்க் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குள் எங்கள் வீடு முழுக்கப் பிடித்துவிட்டது. அனல் வேப்பமரம்வரை வந்தது. நான் குழந்தையை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டேன். அம்மா எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, அத்தை வீட்டுச் சுவர்மேல் நின்று, கீழே இருந்து கொடுத்த நனைந்த கோணியால் பறந்து வருகிற பொறிகளை அடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டு உத்திரம் விழுந்த சத்தம் கேட்டபோதுகூட அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தீ எங்கள் வீட்டோடு நின்றது. கிழக்கே ஒரு வீடும் எரியவில்லை.

ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் வழி பிடித்து வண்டி வந்து சேர்ந்தபோது சாம்பலை நனைக்கிற வேலைதான் இருந்தது. வந்தவர், "இந்தக் கூரையைப் பிரிச்சது யாரு?" என்று கேட்டார். கேஸ் எழுதுவார்களோ என்று எல்லோரும் பயந்து வாயைத் திறக்கவில்லை. அம்மா, "நான்தான்" என்றாள். அவர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. "மொதல்ல மருந்து போடும்மா" என்றார். 

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தையும் மகளும் பஸ் இறங்கி வந்தார்கள். கையில் ஜாக்கெட் பொட்டலமும் பூவும். தெரு முனையிலேயே யாரோ தீ என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தை ஓடிவந்தாள். வந்து நின்றாள். அவள் பார்த்தது என்னவென்றால், தன் வீட்டுச் சுவர்கள் வெள்ளையாக, புகைக்கறைகூட இல்லாமல் நிற்கின்றன. காவிப் பட்டை அப்படியே இருக்கிறது. கூரை மட்டும் இல்லை. கூரை எதிர்க் கொல்லையில் கிடக்கிறது, எரியாமல்.

"நெருப்பு இங்க வரவே இல்லியேடி," என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "வரவே இல்லியே! எரியாத வூட்ட ஏண்டி பிரிச்ச? ஒரு முருங்கைக் கன்னுக்கா இவ்ளோ ஆத்திரம்? உன் வூடு எரிஞ்சா என் வூடு நிக்கக் கூடாதா?"

"அண்ணி, பிரிக்கலன்னா..."

"பேசாத. இன்னும் கொஞ்ச நாள்ல மாப்ள வூட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. எங்க உக்கார வெப்பேன்? வானத்தப் பாத்தா உக்காரச் சொல்லட்டும்?"

நான் குறுக்கே ஓடினேன். அம்மா பெட்டியைத்தான் முதலில் எடுத்தாள், எங்கள் வீட்டுக்குள் போகவே இல்லை, நான் பார்த்தேன் என்று கத்தினேன். "சொல்லிக் குடுத்துப் பேச வெக்கிறா பாரு" என்றாள் பக்கத்திலிருந்தவள். இத்தனைக்கும் அவளும் கூரையை இழுத்தவள்தான். அம்மா என் தோளைப் பிடித்து, "சும்மா இரு" என்றாள்.

மறுநாள் காலையில் நைனா குங்குமமும் பொரியும் வாங்கிக்கொண்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் சாம்பல். அவர் அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் இரண்டையும் பார்த்தார். அம்மாவிடம் போய், "எங்க அக்கா வூட்டத்தான் பிரிக்கணும்னு தோணுச்சா உனக்கு? தெருவுல வேற வூடு இல்ல?" என்று கேட்டார்.  நைனா கெட்டவர் இல்லை. தன்னை வளர்த்தவள் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், அவருக்கு அதுதான் தெரிந்தது. இப்போது அவரைவிட அதிக வயதாகிவிட்ட பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. அப்போது வந்தது. அவர் கொடுத்த பொரியை நான் தொடவில்லை.

வாட்ச்மேன் மாமா ஒருவருக்குத்தான் பார்த்தவுடன் எல்லாம் புரிந்தது. கிழக்கு வரிசையை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து, "நான் சொல்லிக் குடுத்தபடியே பண்ணியிருக்குது எங்கக்கா" என்றார். அவ்வளவு நல்லதாகச் சொன்னவர், இரண்டு நாள் சண்டையும் புலம்பலும் கேட்ட பிறகு, கொக்கிகளையெல்லாம் சேகரித்து பஜனைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "பொம்பளைங்க கையில கொக்கி இருந்தா வீண் சண்டதான் வருது" என்று காரணம் சொன்னார். பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார். பகலில் தீப்பிடித்தால் சாவி எங்கேயோ, கொக்கி எங்கேயோ!

நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் இன்னும் மோசமாக்கினார்கள். எரிந்த வீடுகளுக்கு அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்தார்கள். அத்தையின் முறை வந்தபோது, "உங்க வீடு எரியலியேம்மா" என்றார்கள். அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் அம்மா, கிடைத்த அரிசியில் பாதியைத் துணியில் கட்டி என்னிடம் கொடுத்து அனுப்பினாள். அத்தை மூட்டையைப் பிரிக்காமலே என் தலையில் திரும்ப ஏற்றிவிட்டாள். "நல்லா இருக்கச் சொல்லு" என்றாள். போகிற வழியெல்லாம் அந்த மூட்டை கனத்தது.

லீவு என்பதால் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். கரும்பலகைக்குக் கீழே படுத்துத் தூங்குவது எனக்குக் கனவு மாதிரி இருந்தது. நைனாவும் குழு ஆட்களும் முதலில் அத்தை வீட்டுக்குத்தான் கூரை போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள், கல்யாணம் இருக்கிறதே. அம்மா புண்ணான கையோடு கரும்புச் சோகை அறுத்துக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து அத்தை வீட்டு வாசலில் போட்டாள். அத்தை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கட்டை மட்டும் வாங்கிக்கொள்வாள். இப்போது நடுவில் நிற்க நான்கூடத் தேவைப்படவில்லை. கேட்க ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை.

கூரை முடிகிறவரை அத்தையும் மகளும் வேப்பமரத்தடியில்தான் இருந்தார்கள். தார்ப்பாயை மரத்தில் கட்டி, கீழே கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். சித்திரையில் வேப்பமரம் எப்படி இருக்கும், பளபளவென்று புது இலையும் பூவுமாக. தீப்பிடித்த அன்று அந்த மரம் பச்சையாகத்தான் இருந்தது. இரண்டொரு நாளில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளைகள் பழுப்பாக ஆரம்பித்தன. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பு நகர்ந்தது. பூவெல்லாம் கருகிப் பொடிப்பொடியாகக் கட்டில்மேல் கொட்டியது. மல்லாந்து படுத்திருந்த அத்தைக்கு வேறு பார்க்க என்ன இருந்தது? அவள் வீட்டுக்கு மேலே கவிந்திருந்த பெரிய கிளை முழுக்கக் கருகியிருந்தது. அந்தக் கிளைக்கு நேர் கீழேதான் அவள் கூரை இருந்தது. அதற்குக் கிழக்கே இருந்த கிளைகள் பச்சையாகவே நின்றன.

நெருப்பு அங்கே வந்திருந்தது. பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல்தான் நின்றிருக்கிறது.

அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நேராக வாட்ச்மேன் மாமா வீட்டுக்குப் போனாளாம். மாமாவே பின்னால் சொன்னது இது.

"கொக்கிய எடுத்து வெளிய வை."

"இன்னா அத்தாச்சி, நீங்கதான..."

"நான்தான் கத்தினேன். இப்பவும் நான்தான் சொல்றேன். பகல்ல நீ இருக்க மாட்ட. எங்க கையில இருக்கட்டும்."

அங்கிருந்து எங்கள் மனைக்கு வந்தாள். புதுக்குடிசை போடுவதற்காக அம்மா சாம்பலைக் கிளறி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை எல்லையில் வந்து நின்றாள். வாசற்படி இருந்த இடத்தில் கால் வைக்கத் தயங்கினாள், யாராவது உள்ளே கூப்பிட வேண்டும் என்பது மாதிரி. உள்ளே என்று ஒன்று இல்லை. பிறகு வந்து, சாம்பலிலேயே, புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"மரத்தப் பாத்தேன்," என்றாள் அத்தை.

அம்மா குச்சியால் ஒரு கரிக்கட்டையைத் தள்ளினாள்.

"உள்ள இன்னா இன்னா இருந்துச்சு?"

"எங்க?"

"உன் வூட்ல."

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நிவாரணத்துக்கு வந்தவர்கள் வீட்டு நம்பரைத்தான் கேட்டார்கள். நைனாகூடக் கேட்கவில்லை. தெருவே அத்தையின் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அரிசி இருந்துச்சு," என்றாள் அம்மா. "ரேடியோ. பாப்பா புஸ்தகம். எங்கம்மா குடுத்த பித்தளைச் சொம்பு, அது உருகிப் போய் இங்கதான் எங்கியோ கெடக்குது. எங்க கல்யாண போட்டோ."

"செஞ்சில எடுத்தது."

"ஆமா. நீங்ககூட பின்னாடி நிப்பீங்களே." அம்மா தன் கைகளைப் பார்த்தாள். "சின்னவன் சொக்கா இருந்துச்சு அண்ணி. மஞ்ச சொக்கா."

எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்து, நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அவன் சட்டையை அம்மா பெட்டியில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அத்தைக்குத் தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அத எடுக்கணும்னு தோணலியாடி உனக்கு?" என்றாள் அத்தை. "என் பொட்டியத் தூக்கின கையால, ஒரு எட்டு உள்ள போயி..."

"தோணுச்சு," என்றாள் அம்மா. "திரும்பிப் பாத்தா போயிடுவேன்னு பாக்கல."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தன் கூரைக்காக அவள் அழுதது வேறு, ஊருக்கே கேட்டது. இது சத்தமில்லாமல் வந்தது. எங்கள் வீட்டுக்காக ஒருவர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகர்ந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் சாம்பலில் உட்கார்ந்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அத்தையின் மடியில் தலையைக் கவிழ்த்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.